முதல் ஆறு வாரங்கள்: மனச்சோர்வு மருந்தைத் தொடங்குபவர் அறிய வேண்டியவை

மனச்சோர்வுக்கான மருந்துகளுக்குப் பொதுவான சங்கடம் ஒன்று உண்டு. அவற்றின் தொல்லை முதல் ஓரிரு நாட்களிலேயே தெரியத் தொடங்கிவிடுகிறது. பலனோ இரண்டு வாரங்கள் கழித்துத்தான் மெல்லத் தலைகாட்டுகிறது, முழு அளவில் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை ஆகலாம். இடைப்பட்ட நாட்களில் நோயாளி நோயோடு மருந்தின் தொல்லையையும் சேர்த்துச் சுமக்கிறார். நம்பிக்கையிழப்பே இந்த நோயின் அறிகுறிகளுள் ஒன்றாக இருப்பதால், குமட்டலும் தூக்கமின்மையும் வந்தவுடன் இந்த மருந்தும் தமக்கு ஒத்துவரவில்லை என்று அவர் மனம் முடிவுகட்டிவிடுவதில் வியப்பில்லை. மருந்து பயன்தருமா என்று தெரியவரும் முன்பே பலர் அதைக் கைவிட்டுவிடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். எந்தத் தொல்லை தானாக அடங்கும், எதை மருத்துவரிடம் பேசித் தீர்க்க வேண்டும், எதற்கு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது மருந்தைத் தொடங்கும் நாளிலேயே தெரிந்திருந்தால் அந்த வாரங்களைக் கடப்பது எளிதாகிறது.

மருந்து செய்யும் வேலை

இன்று முதல் மருந்தாகப் பெரும்பாலும் எழுதித் தரப்படுபவை எஸ்எஸ்ஆர்ஐ என்ற வகையைச் சேர்ந்தவை. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்சிடின், பராக்சிடின் ஆகியவை இவ்வகையில் அடங்கும். நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளை அதை வெளியிட்ட நரம்பணுவே திரும்ப உறிஞ்சிக்கொள்வது வழக்கம். அந்த உறிஞ்சலைத் தடுத்து, செரட்டோனின் அதிக நேரம் செயல்படும்படி செய்வது இம்மருந்துகளின் வேலை. இவ்வகையில் பரவலாகப் புகழ்பெற்ற ஃப்ளூவாக்சிடின் 1987ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதற்கு முன் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இமிப்ரமின், அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகளே இந்தச் சிகிச்சையைத் தாங்கி நின்றன. வாய் வறட்சி, மலச்சிக்கல், தலைசுற்றல் ஆகியவற்றோடு, அளவு மீறினால் இதயத்தைப் பாதிக்கும் அபாயமும் அவற்றில் இருந்ததால் புதியவை முன்னுக்கு வந்தன. அமிட்ரிப்டிலின் இப்போதும் அரசு மருத்துவமனைகளில் புழக்கத்தில் உள்ள மருந்துதான். நரம்பு வலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் அதைக் குறைந்த அளவில் தருகிறார்கள்.

செரட்டோனின் என்றதும் மூளையே நினைவுக்கு வந்தாலும், உடலிலுள்ள செரட்டோனினில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில்தான் இருக்கிறது. மருந்து மூளையைத் தேடிப் போவதில்லை. இரத்தத்தில் கலந்து எல்லா இடங்களுக்கும் செல்கிறது. எனவே முதல் நாட்களில் குமட்டல், வயிற்றுப் பொருமல், இளகிய மலம் ஆகியவை வருவது ஒவ்வாமையோ மருந்து தவறானது என்பதற்கான அடையாளமோ அல்ல. மருந்து தன் வேலையைத் தொடங்கிவிட்டதன் உடனடி விளைவு. மூளையிலும் செரட்டோனின் அளவு சில மணி நேரத்திலேயே மாறத்தான் செய்கிறது. ஆனால் அந்த மாற்றத்துக்கு ஏற்ப நரம்பணுக்களின் ஏற்பிகள், அதாவது வேதிப்பொருள் வந்து பொருந்தும் இடங்கள், தம்மை மாற்றியமைத்துக்கொள்ள வாரக் கணக்கில் ஆகிறது. தொல்லை முந்துவதும் பலன் பிந்துவதும் இதனால்தான்.

மருந்துச்சீட்டை வாங்கும்போதே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டியவை சில உள்ளன. முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடும் வேகத்தோடும் நாட்கள் கழிந்ததுண்டா, குடும்பத்தில் எவருக்கேனும் இருமுனைய நோய், அதாவது சோர்வும் மிகையெழுச்சியும் மாறி மாறி வரும் நோய், இருந்ததா என்பது இவற்றுள் முதலில் வைக்கத்தக்கது. அதற்கான காரணம் பின்னர் வரும். இதயநோய், வலிப்பு, கண் அழுத்தம், கருவுற்றிருப்பது, பாலூட்டுவது, மதுப்பழக்கம் ஆகியவற்றோடு, எடுத்துக்கொண்டிருக்கும் பிற மாத்திரைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெயர் நினைவில்லை என்றால் அட்டைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினாலே போதும். சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கும் இது பொருந்தும். தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும் மனச்சோர்வைப் போலவே தோற்றம் காட்டக்கூடியவை என்பதால், இரத்தப் பரிசோதனை எழுதித் தந்தால் அதை வீண்செலவு என்று தட்டிக்கழிக்கக் கூடாது.

அட்டையில் எத்தனை மருந்து?

தமிழ்நாட்டு மருந்துக்கடைகளில் இந்த மாத்திரைகளை வாங்குபவர் அட்டையின் பின்புறத்தை ஒருமுறை நிதானமாகப் படிப்பது மிகுந்த பயன் தரும். வணிகப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில், எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. என்பதோடு குளோனாசிபாம் 0.5 மி.கி. என்றும் அச்சாகியிருந்தால், அந்த ஒரே மாத்திரையில் இரண்டு மருந்துகள் கலந்திருக்கின்றன என்று பொருள். குளோனாசிபாம் மனச்சோர்வுக்கான மருந்து அல்ல. பதற்றத்தைத் தணித்து உறக்கத்தைத் தரும், பென்சோடயசிபின் என்ற வேறு குலத்தைச் சேர்ந்த மருந்து. தனி மாத்திரையாக வாங்கினால் அதன் அட்டையில் சிவப்பு நிறத்தில் என்ஆர்எக்ஸ் என்ற குறி இருக்கும். போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வரும் மருந்துகளுக்கு உரிய குறி அது.

முதல் மருந்து பலன்தரும்வரை நோயாளி உறங்கவும் பதறாமல் இருக்கவும் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குக் குளோனாசிபாம் சேர்த்துத் தரப்படுவதில் நியாயம் இருக்கிறது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், இரண்டும் ஒரே மாத்திரையாக இருப்பதால் ஒன்றை நிறுத்தி மற்றொன்றைத் தொடர முடியாமல் போவதிலும், எது எந்த விளைவைத் தருகிறது என்று நோயாளிக்குப் புரியாமல் போவதிலும்தான். பகலெல்லாம் தூங்கி வழிவதும், நடை தள்ளாடுவதும், மறதியும் பெரும்பாலும் குளோனாசிபாமின் வேலை. அந்தப் பழி எஸ்சிட்டலோபிராமின் மேல் விழுகிறது. மாறாக, முதல் இரவிலேயே கிடைத்த நிம்மதியும் குளோனாசிபாம் தந்ததே. அதை மனச்சோர்வு குணமாவதாக எண்ணிக்கொள்பவர்களும் உண்டு. பழக்கப்படுத்தும் இயல்பு குளோனாசிபாமுக்குத்தான் இருக்கிறது. மாதக்கணக்கில் எடுத்தவர் அதைத் திடீரென்று நிறுத்தினால் கடும் பதற்றமும் சிலருக்கு வலிப்பும்கூட வரலாம். இந்தக் கலவை மாத்திரைகள் இவ்வளவு தாராளமாக எழுதப்படுவதைக் காட்டிலும் இரண்டையும் தனித்தனியாக எழுதுவதே நோயாளிக்கு நல்லது. இரண்டாவது மருந்து எத்தனை நாளுக்கு, அதை எப்படிக் குறைப்பது என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வதில் எந்தத் தவறும் இல்லை. சிகிச்சை என்ன, அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகள் எவை என்பதைத் தமக்குப் புரியும் மொழியில் தெரிந்துகொள்ளும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்கு வழங்கியிருக்கிறது.

முதல் இரண்டு வாரங்கள்

குமட்டல்தான் பெரும்பாலோர் முதலில் சந்திப்பது. வெறும் வயிற்றில் மாத்திரையைப் போடாமல் காலைப் பலகாரத்துக்குப் பின்னரோ இரவு உணவுக்குப் பின்னரோ போடுவதும், சில நாட்களுக்கு எண்ணெயும் காரமும் குறைத்து இட்லி, இடியாப்பம், மோர்சாதம் போன்றவற்றைச் சிறு சிறு அளவில் உண்பதும், இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீரும் பலருக்குப் போதுமானவை. ஒன்றிரண்டு வாரங்களில் இது பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. பதற்றம் மிகுந்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் எஸ்சிட்டலோபிராமை 5 மி.கி. அளவில், அதாவது 10 மி.கி. மாத்திரையில் பாதியாகத் தொடங்கி ஒரு வாரம் கழித்து உயர்த்துவது வழக்கத்தில் உள்ள முறை. அதை மருத்துவர் சொல்லாவிட்டால் நோயாளியே கேட்கலாம். ஆனால் குமட்டலுக்காகக் கடையில் தாமாக மாத்திரை வாங்கிப் போடுவது வேறு கதை. வாந்தி மாத்திரை என்று கிடைக்கும் ஆன்டான்செட்ரான், டோம்பெரிடோன் ஆகியவை எஸ்சிட்டலோபிராமைப் போலவே இதயத்துடிப்பின் மின்னோட்டத்தில் தாமதத்தை உண்டாக்கக்கூடியவை. கேஸ் மாத்திரை என்று கிடைக்கும் ஒமெப்ரசோல் எஸ்சிட்டலோபிராமின் அளவை இரத்தத்தில் உயர்த்தக்கூடியது. இவற்றை மருத்துவர் அறிந்து தருவதும், நோயாளி தாமாகச் சேர்ப்பதும் ஒன்றல்ல.

உறக்கம் இருவகையாகவும் பாதிக்கப்படலாம். மருந்து போட்டபின் விழிப்பு கூடுபவர்கள் காலையிலும், மயக்கம் வருபவர்கள் இரவிலும் எடுத்துக்கொள்வது என்ற எளிய மாற்றமே பல சமயம் போதும். ஃப்ளூவாக்சிடினைத் தொடக்கத்திலிருந்தே காலையிலும், வேறு வகை மனச்சோர்வு மருந்துகளான மிர்டாசபின், அமிட்ரிப்டிலின் ஆகியவற்றை இரவிலும் தருவது இதனால்தான். மாலை நேரக் காப்பியைச் சில வாரங்களுக்கு விட்டுவிட்டால் உறக்கத்துக்கும் நல்லது, கைநடுக்கத்துக்கும் நல்லது. காரணமில்லாத கொட்டாவி, இரவில் முதுகு நனையும் வியர்வை, தூக்கத்தில் பல்லைக் கடிப்பதால் விடியும்போது தாடையில் வலி ஆகியவை வினோதமாகத் தோன்றினாலும் இம்மருந்துகளின் தெரிந்த விளைவுகளே. தலைவலிக்குப் பாராசிட்டமால் எடுக்கலாம். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் எஸ்எஸ்ஆர்ஐ மருந்தோடு சேரும்போது வயிற்றில் இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. உடம்பு வலி என்று கடையில் கேட்டவுடன் கைக்கு வருவது பெரும்பாலும் டைக்ளோஃபினாக்காகவே இருப்பதால் இதை நினைவில் வைப்பது அவசியம்.

மருந்து உடலுக்குப் பழகும்வரை, குறிப்பாகக் குளோனாசிபாமோ மிர்டாசபினோ சேர்ந்திருந்தால், இருசக்கர வாகனம் ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும். மது இந்த மயக்கத்தைப் பெருக்குவதோடு மனச்சோர்வையும் ஆழப்படுத்தும். நோன்பிருப்பவர்கள் மருந்தை விடத் தேவையில்லை. நாளுக்கு ஒருமுறை எடுக்கும் மாத்திரைக்குச் சஹரோ இஃப்தாரோ போதிய நேரமே. ஒருவேளை மாத்திரையை மறந்துவிட்டால், சில மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டுமே தவிர, ஈடுசெய்ய இரண்டாகப் போடக் கூடாது.

இந்த வாரங்களில் வீட்டாரின் பேச்சுக்கும் பங்குண்டு. 'நரம்பு மாத்திரை', 'தூக்க மாத்திரை' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி, அடிமையாகிவிடுவாய் என்று எச்சரிக்கும் உறவினர் இல்லாத குடும்பம் அரிது. குளோனாசிபாமைப் பொறுத்தவரை அந்த எச்சரிக்கையில் உண்மை உண்டு; எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகள் மேலும் மேலும் வேண்டும் என்ற ஏக்கத்தை உண்டாக்குவதில்லை.

தானாக அடங்காதவை

பாலியல் ஆர்வம் குறைவது, உச்சநிலை தாமதமாவது அல்லது நிகழாமலே போவது ஆகியவை எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகளின் மிகப் பரவலான விளைவுகளுள் அடங்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இவை பொது. நெரிசலான புறநோயாளிப் பிரிவில், பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்க, இதை நோயாளி தாமாக எடுத்துச் சொல்வார் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. மருத்துவரே முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டியது இது. சொல்லப்படாதபோது, மனைவி தன்மீது கணவருக்கு நாட்டமில்லை என்று எண்ணுவதும், கணவர் தமக்கு வேறு நோய் வந்துவிட்டது என்று அஞ்சி விளம்பர மருத்துவர்களை நாடுவதும் நிகழ்கின்றன. குமட்டலைப் போல இது ஒன்றிரண்டு வாரங்களில் மறைவது அரிது. ஆனால் வழியில்லாததும் அல்ல: அளவைக் குறைப்பது, இவ்விளைவு குறைவாக உள்ள மிர்டாசபின் அல்லது புப்ரோபியான் மருந்துக்கு மாற்றுவது, ஆண்களுக்குச் சில்டெனாஃபில் சேர்ப்பது ஆகியவை மருத்துவர் கையில் உள்ளன. வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதி மருந்துச்சீட்டோடு மேசையில் வைத்துவிடலாம். மருத்துவருக்கு இது தினமும் கேட்கும் செய்திதான்.

எடை கூடுவதில் மருந்துக்கு மருந்து வேறுபாடு உண்டு. மிர்டாசபின் பசியைத் தெளிவாகத் தூண்டுகிறது. உண்ணாமல் மெலிந்துபோனவருக்கு அதுவே நன்மை, நீரிழிவு உள்ளவருக்கு அதுவே இடையூறு. துக்கம் குறைந்ததோடு மகிழ்ச்சியும் சேர்ந்து மழுங்கிவிட்டது, எதற்கும் அழுகை வருவதில்லை, பிள்ளை பரிசு வாங்கி வந்தாலும் மனம் அசைவதில்லை என்று சிலர் சில மாதங்கள் கழித்துச் சொல்வதுண்டு. இதை நோயின் மிச்சம் என்று ஒதுக்காமல் அளவைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும்.

காத்திருக்கக் கூடாதவை

முதல் வாரங்களில் சிலருக்கு, குறிப்பாக 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, தற்கொலை எண்ணம் கூடக்கூடும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2004ஆம் ஆண்டு குழந்தைகளையும் பதின்வயதினரையும் குறித்து இதற்கான கடும் எச்சரிக்கையை மருந்தின் தகவல் குறிப்பில் கட்டமிட்டுச் சேர்க்க உத்தரவிட்டு, 2007இல் அதை 24 வயது வரை நீட்டித்தது. உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் உள்ளுக்குள் தகிக்கும் அமைதியின்மை, அகதிசியா என்று மருத்துவர்கள் குறிப்பிடுவது, புதிதாகத் தோன்றினால் அது உடனே சொல்லப்பட வேண்டிய அறிகுறி. இந்தக் காலத்தில் மாத்திரைகளை வாரத்துக்கு ஒருமுறை எண்ணி எடுத்துத் தரும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்பதும், வேளாண் குடும்பங்களில் பூச்சிமருந்தை வீட்டைவிட்டு அப்புறப்படுத்துவதும் உயிர்காக்கும் ஏற்பாடுகள். உயிரை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறதா என நோயாளியிடம் நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சம் ஆதாரமற்றது, கேட்பதே நல்லது.

இதற்கு நேர்மாறான அபாயம் மகிழ்ச்சியின் வேடத்தில் வருவதால் அதைக் குடும்பம் கவனிக்கத் தவறுகிறது. மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவர் திடீரென்று மூன்று மணி நேரத் தூக்கத்தோடு எழுந்து, ஓயாமல் பேசி, புதிய தொழில் திட்டங்கள் வகுத்து, கைக்காசைத் தாராளமாகச் செலவிடத் தொடங்கினால், மருந்து அற்புதமாக வேலை செய்கிறது என்று வீட்டார் மகிழ்வது இயல்பு. மறைந்திருந்த இருமுனைய நோய் மருந்தால் தூண்டப்பட்டதன் அடையாளமாக அது இருக்கலாம். குணமடைதல் படிப்படியாக வருவது. நல்ல நாளும் மோசமான நாளும் மாறி மாறி வந்துதான் அது நிலைபெறும். ஓரிரு நாளில் வந்த பேருற்சாகத்தை மருத்துவரிடம் அன்றே சொல்ல வேண்டும்.

முதியவர்களிடம் கவனிக்க வேண்டியது வேறு. எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகள் இரத்தத்தில் சோடியம் என்ற உப்பின் அளவைக் குறைக்கக்கூடியவை. இரத்த அழுத்தத்துக்காக ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற சிறுநீர் பெருக்கி மருந்துகளை எடுப்பவர்களுக்கு இந்த வாய்ப்பு மிகுதி. அவை பெரும்பாலும் வேறொரு அழுத்த மருந்தோடு ஒரே மாத்திரையில் கலந்திருப்பதால் நோயாளிக்கே தெரிவதில்லை. புதிய குழப்பம், தள்ளாட்டம், சோர்வு, கீழே விழுதல் ஆகியவற்றை வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல், சோடியம் அளவைப் பரிசோதிக்க வேண்டும். தொடங்கிய இரண்டு வாரங்களுக்குள் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்வது அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு நல்ல முன்னெச்சரிக்கை.

செரட்டோனின் அளவு மீறிப் பெருகும் நிலை அரிதானது, ஆனால் ஆபத்தானது. பெரும்பாலும் வேறொரு மருந்து சேரும்போது அது நிகழ்கிறது: வலிக்குத் தரப்படும் டிரமடால், பல இருமல் மருந்துகளில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், லினசோலிட் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஆகியவை இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. நடுக்கம், கொட்டும் வியர்வை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கால்களில் தசை துடித்தல், மனக்குழப்பம் ஆகியவை சில மணி நேரத்துக்குள் ஒன்றுசேர்ந்து வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். பல் மருத்துவரிடமோ காய்ச்சலுக்கு வேறொரு மருத்துவரிடமோ போகும்போது இந்த மாத்திரை எடுப்பதைச் சொல்ல வெட்கப்படுவதில் இருக்கும் உண்மையான ஆபத்து இதுவே.

ஆறாம் வாரம்

மருத்துவரை மீண்டும் பார்க்கும்போது 'எப்படி இருக்கிறது' என்ற கேள்விக்கு 'பரவாயில்லை' என்ற பதில் எதையும் சொல்வதில்லை. ஒரு நோட்டில் தூங்கிய நேரம், உண்ட வேளைகள், அன்றைய தொல்லை ஆகியவற்றைத் தினமும் ஒரு வரி எழுதிவந்தால், அளவைக் கூட்டுவதா மாற்றுவதா என்று தீர்மானிக்க அது பெரிதும் உதவும். மனம் தெளிவதற்கு முன்பே உறக்கமும் பசியும் சீராவதுண்டு என்பதால், நோயாளி உணராத முன்னேற்றத்தை அந்த வரிகள் காட்டிவிடலாம். முதல் மருந்திலேயே முழுமையாகக் குணமடைபவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் என்பதை 2006இல் வெளியான, ஸ்டார்-டி எனப்படும் பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆகவே இரண்டாவது மருந்துக்கு மாற வேண்டியிருப்பது சிகிச்சையின் தோல்வி அல்ல.

பலன் தெரிந்ததும் மருந்தை நிறுத்திவிடுவதே இதற்குப் பின் வரும் பெரிய இடறல். முழுமையாகக் குணமடைந்த பிறகும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடர்வது பொது விதி. நோய் மீண்டும் மீண்டும் வந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் அல்லது அதற்கு மேலும் ஆகலாம். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், கெட்ட கனவுகள், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற நொடிநேர அதிர்வு ஆகியவை வரலாம். உடலைவிட்டு மெல்ல வெளியேறும் ஃப்ளூவாக்சிடினில் இவை குறைவு. பராக்சிடினிலும், வென்லாஃபாக்சின் என்ற வேறு வகை மனச்சோர்வு மருந்திலும் மிகுதி, வென்லாஃபாக்சினில் ஒருவேளை தவறினாலே சிலருக்குத் தெரிந்துவிடும். எனவே கடைசி அட்டை முடிவதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்ததை வாங்கி வைப்பதும், திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ வெளியூர் போகும்போது கைப்பையில் எடுத்துச் செல்வதும், நிறுத்த வேண்டிய காலத்தில் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பதும் தேவை. கருவுற்றது தெரிந்தவுடன் அச்சத்தில் தாமாக நிறுத்துவதும் தவறு. மருத்துவரிடம் பேசிய பிறகே முடிவெடுக்க வேண்டும்.

அடுத்த சந்திப்புக்கு முன் ஐயம் எழுந்தால் கேட்பதற்கு இந்தியாவில் 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி-மானஸ் சேவை உள்ளது. அதன் எண் 14416. தமிழ்நாட்டில் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணும், இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணும் உள்ளன. மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று தோன்றும் நாளில், நிறுத்துவதற்கு முன் இவற்றில் ஒன்றை அழைத்துப் பேச வேண்டும்.